கடைமடைக்கும் தண்ணீர்: இணைய இணைப்பைப் பங்கிடும் முறை

கெடிலம் நதியின் குறுக்கே திருவந்திபுரத்தில் அணைக்கட்டு இருக்கிறது. அணையில் நீர் தேங்கினால் மட்டும் பயிர் விளைந்துவிடாது என்பதை நம் விவசாயிகள் நன்கறிவர். தலைமடைக்காரர் தம் விருப்பம்போல் மடையைத் திறந்துவைத்தால், கடைமடை நிலம் காய்ந்துபோகும். ஆகவேதான் நம் முன்னோர் வாய்க்கால் வெட்டியதோடு நில்லாமல், முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தையும் ஏற்படுத்தினர்.

இன்று கிராமங்களுக்கு வேறொரு வாய்க்காலும் வந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கண்ணாடியிழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை விநாடிக்கு 1 ஜிகாபிட் அளவுள்ள இணைப்பால் பிணைப்பதெனத் திட்டம் வகுக்கப்பட்டது. ஊர் வரை வாய்க்கால் வெட்டுவது அரசின் பணி. ஊருக்குள் ஒரே ரௌட்டரிலிருந்து பல கருவிகளுக்கு அதைப் பங்கிடுவது நம் பொறுப்பு. இப்பொறுப்பை மறந்தால் என்ன நேரும் என்பதை யான் நேரில் கண்டேன்.

முகூர்த்த நாள்களில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடப்பதுண்டு. அத்தகைய நாளொன்றில் அருகிலுள்ள ஓர் ஊரின் சேவை மையத்துக்குச் சென்றிருந்தேன். பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றுக்கு மனுச் செய்ய ஒரு மூதாட்டி வந்திருந்தார். மும்முறை முயன்றும், நேரம் கடந்துவிட்டதென்று கணிப்பொறி மனுவைத் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டில் தங்கியிருந்த கலியாண வீட்டாருக்கு மையத்தின் கடவுச்சொல்லை யாரோ கொடுத்திருந்தனர். அவர்கள் திருமணக் காட்சிகளை உறவினருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “ஐயா, அவர்களுக்குப் போகிறதே, எனக்கு மட்டும் ஏன் போகவில்லை?” என்று மூதாட்டி கேட்டார். மாலையில் கூட்டம் கலைந்தபின் அதே மனு ஐந்து நிமிடத்தில் சென்றது. ஆயினும் அவருடைய ஒரு நாள் கூலி போனது போனதுதான்.

அவருடைய கேள்விக்கு விடை இதுவே. இணையத்தில் செய்தி யாவும் சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. வரும் பொட்டலங்கள் இணைப்பின் கொள்ளளவுக்கு மிஞ்சினால், ரௌட்டர் அவற்றை வரிசையில் நிறுத்துகிறது. வெளியே அனுப்பும் திசையில் விநாடிக்கு 40 லட்சம் பிட் செல்லக்கூடிய இணைப்பை எடுத்துக்கொள்வோம். வரிசையில் 10 லட்சம் பைட், அதாவது 80 லட்சம் பிட் முன்னதாகவே நிற்குமாயின், புதிதாக வரும் பொட்டலம் 2 விநாடி காத்திருக்க வேண்டும். மனு ஒன்றை அனுப்பப் பத்து முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டுமென்றால், 20 விநாடி வீணாகிறது. மூதாட்டியின் மனு அளவில் மிகச் சிறியது. எனினும் பெரிய வண்டிகளின் பின்னே அது நின்றுவிட்டது. மேலும், ஒரு கருவி ஒரே சமயத்தில் பத்துத் தொடர்புகளைத் திறந்தால், ஒரு தொடர்பு மட்டுமே உள்ளவரைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு பெறக்கூடும். இது ஒருவரே பத்து மடை வெட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இத்தொல்லை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1986-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு, நெரிசலால் 40 பிட்டாகச் சுருங்கியது. நெரிசலைக் கண்டால் அனுப்புவோரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வான் ஜேக்கப்சன் விளக்கினார். ஆனால், இது அனுப்புவோரின் அடக்கத்தை நம்பியது. அதற்கு முன்பே, 1985-இல், ஜான் நேகில் வேறொரு யோசனை கூறியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை அமைத்து, முறைக்கு ஒரு பொட்டலமாக எடுத்து அனுப்ப வேண்டுமென்பதே அது. நம் முறைப்பாசனமும் இதுதானே! 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும், பொட்டலம் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கண்காணித்து, அது தொடர்ந்து மிகுமாயின் சில பொட்டலங்களைக் கைவிடும் ‘கோடல்’ முறையை வெளியிட்டனர். கைவிடப்பட்டவை மீண்டும் அனுப்பப்படும். அனுப்புபவரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இவ்விரு யோசனைகளையும் இணைத்த ‘எஃப்.க்யூ. கோடல்’ முறை 2018-இல் இணையத்தின் விதிமுறை ஏடுகளில் இடம் பெற்றது. ‘கேக்’ என்னும் பிந்திய முறை, தொடர்புகளை மட்டுமன்றிக் கருவிகளையும் எண்ணிப் பங்கிடவல்லது. ஆகவே பத்து மடை வெட்டினும் ஒருவருக்கு ஒரு பங்கே கிட்டும்.

நியாயமான பங்கு என்பது யாது? 20 மெகாபிட் இணைப்பில் ஐந்து கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றுக்கு முறையே 2, 3, 4 மெகாபிட் போதும். மற்ற இரண்டும் எவ்வளவு கொடுத்தாலும் ஏற்கும். சமபங்கு ஆளுக்கு 4. முதல் மூன்றும் தம் தேவையைப் பெற்றால், செலவு 9. மீதி 11-ஐ மற்ற இரண்டும் 5.5 வீதம் பெறும். சிறிய தேவை முழுதும் நிறைவேறுகிறது. பெரிய தேவையும் பட்டினி கிடப்பதில்லை. ஒரு துளியும் வீணாவதில்லை.

ஊராட்சி அலுவலகம், நூலகம், பள்ளி ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

முதலாவதாக, எவரும் பயன்படுத்தாத வேளையில் இரு திசைகளிலும் இணைப்பின் வேகத்தை அளந்து குறித்துக்கொள்க.

இரண்டாவதாக, ரௌட்டரில் மேற்கூறிய முறைகளுள் ஒன்று இருப்பின் அதனை இயக்கி, வேக வரம்பை அளந்ததில் பத்தில் ஒன்பது பங்காக வைக்க. வரம்பு சற்றுக் குறைவாக இருந்தால்தான் வரிசை நம் ரௌட்டரிலேயே நிற்கும். மதகும் நம் கையில் இருக்கும். வரிசை வேறிடத்தில் நின்றால் நம் ஏற்பாடு பயன் தராது.

மூன்றாவதாக, அவ்வசதி இல்லாத ரௌட்டராயின், விருந்தினருக்குத் தனி இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, இயலுமாயின் அதற்கு வேக வரம்பு விதிக்க. மீதமுள்ள நீர் சில வேளை வீணாகும். எனினும் கடைமடை காயாது.

நான்காவதாக, பெரிய கோப்புகளை இறக்கும் வேலையை இரவுக்கு ஒதுக்குக.

பங்கீடு நீரைப் பெருக்காது என்பதும் உண்மையே. எல்லோருடைய நியாயமான தேவையும் சேர்ந்து கொள்ளளவை மிஞ்சினால், பெரிய இணைப்புக்கு விண்ணப்பிப்பதே வழி. ஆனால் பங்கீட்டைச் சீர்செய்யாமல் இணைப்பை மட்டும் பெருக்கினால், தலைமடையே மேலும் செழிக்கும்.

அந்தச் சேவை மையத்தில் இம்முறையை ஏற்படுத்தினோம். அடுத்த முகூர்த்த நாளில் கலியாண வீட்டாரும் படம் அனுப்பினர். மனுக்களும் தங்குதடையின்றிச் சென்றன. புதிய இணைப்பு வாங்கவில்லை, எவரையும் விரட்டவுமில்லை. ஊருக்கு வந்த நீர் ஊரார் அனைவருக்கும் உரியது. அதனை முறை வைத்துப் பாய்ச்சுவது நம் கடமையாகும்.