பிறையைப் படமெடுக்கக் கைப்பேசி போதும்



வானத்தைப் படமெடுக்கும் ஆர்வம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், டெலஸ்கோப் வேண்டும் என்ற நச்சரிப்பும் கூடவே வந்துவிடும். விலை குறைந்த டெலஸ்கோப்புகள் பல ஆடும் கால்களில் நிற்பவை, படம் கலங்கிவிடும். பெற்றோர் அவசரப்பட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். வீட்டிலுள்ள கைப்பேசியும் ஒரு சிறு ட்ரைபாடும் தொடக்கத்திற்குப் போதும்.

முதல் பாடம் பிறை. இரண்டாம், மூன்றாம் பிறை நாட்களில் மஃரிப் தொழுகை முடிந்ததும் மாடிக்குச் சென்று மேற்கே பாருங்கள். கேமராவில் 'ப்ரோ' முறையைத் தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/30 விநாடி எனத் தொடங்குங்கள். படம் வெளுத்தால் 1/60 ஆக்குங்கள். விரல் பட்டாலே படம் அசையும் என்பதால் 3 விநாடி டைமர் வையுங்கள்.

நிலவு வானில் அரை டிகிரி அகலமே உடையது; படத்தில் சிறிதாகத்தான் தெரியும். பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். ஆனால் சூரியன் முழுவதும் மறையும் முன் பைனாகுலரை மேற்கே திருப்பவே கூடாது. கண்பார்வை போய்விடும்.

அடுத்து நட்சத்திரங்கள். நிலவில்லாத இரவில் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 15 விநாடி வையுங்கள். அதற்கு மேல் நீட்டினால், பூமி சுழல்வதால் புள்ளிகள் கோடுகளாகும். ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் ஒரியன் கூட்டத்தை எடுக்கலாம். அதிலுள்ள 'ரீகல்' என்ற பெயர் கால் எனப் பொருள்படும் 'ரிஜ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மத்ரஸா பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுங்கள். சில கைப்பேசிகள் நிலவை அடையாளம் கண்டு, லென்ஸில் பதியாத விவரங்களையும் தாமே சேர்த்துவிடுகின்றன. அந்த வசதியை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு படத்துடனும் தேதி, நேரம், ஊர், திசை நான்கையும் எழுதி வைக்கப் பழக்குங்கள்.

ரமளான், ஷவ்வால் பிறை பார்க்கும் இரவுகளில் பழைய படங்கள் "இன்று தெரிந்த பிறை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்க்கிறோம். தானே பிறையைப் படமெடுத்துப் பழகிய பிள்ளை அதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பாது. "எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை?" என்று கேட்கும். அந்தக் கேள்வி நம் வீடுகளில் எழுந்தாலே பாதி வதந்தி அடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.