பிள்ளையின் மனநலம்: பக்கத்து டாக்டரே பார்க்கலாம்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அதே பிள்ளை யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்குப் போக மறுக்கிறது. இரவில் அலறி எழுகிறது. அப்போது என்ன செய்வார்கள்?

"சோம்பேறித்தனம்" என்று சிலர் அடிப்பார்கள். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று சிலர் மந்திரிக்க அழைத்துப் போவார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடிவிடும். பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும்.

உடம்புக்கு நோய் வருவது போல மனதுக்கும் நோய் வரும். பெரியவர்களுக்கு மட்டும் அல்ல, பிள்ளைகளுக்கும் வரும். அதற்கு வைத்தியம் உண்டு.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் துன்பம்?

2015-16-ஆம் ஆண்டில் இந்தியாவின் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. 13 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100 பேருக்குச் சுமார் 7 பேருக்கு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. ஒரு பள்ளியில் இந்த வயதில் 300 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி அவர்களில் சுமார் 20 பேருக்கு உதவி தேவை.

உதவி செய்யும் டாக்டர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது பெரும்பாலான மாநிலங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. பிள்ளைகளுக்கென்றே படித்த மனநல டாக்டர்கள் அதைவிடக் குறைவு. அவர்களும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். கூலி வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் செலவு செய்து, எத்தனை முறை நகரத்துக்குப் போக முடியும்?

பெல்லாரி காட்டிய வழி

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே உள்ள டாக்டர்கள் 1970-களில் ஒரு கேள்வி கேட்டார்கள். "நோயாளி நம்மிடம் வர முடியவில்லை. அவர் ஊரில் இருக்கும் டாக்டருக்கே இந்த வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?"

பெங்களூருக்குப் பக்கத்தில் சகலவாரா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே முயற்சி தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுவதும் இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் அந்தப் பயிற்சியில் இருந்தன. இவை சிறு வயதிலேயே தொடங்கக் கூடியவை.

சாதாரண டாக்டரும் இந்த வைத்தியம் செய்ய முடியும் என்பதைப் பெல்லாரி காட்டியது. 1996-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பெல்லாரிதான் மாதிரி. இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இந்தத் திட்டம் இருக்கிறது.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

முதலில், கேட்கக் கற்கிறார்கள். பிள்ளை தூங்குகிறதா? சாப்பிடுகிறதா? மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறதா? வீட்டில் சண்டை நடக்கிறதா? இதையெல்லாம் பெற்றோரிடம் கேட்பார்கள். பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார்கள்.

அடுத்து, உடம்பைச் சோதிப்பார்கள். காது கேட்காத பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை போலத் தெரியலாம். கண் பார்வை குறைந்த பிள்ளை படிப்பில் பின்தங்கலாம். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து கிடக்கலாம்.

எதற்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்றும் கற்கிறார்கள். வலிப்புக்கு மாத்திரை தேவை. அதைத் தினமும் கொடுக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் பயம், கவலை, அடம் போன்றவற்றுக்கு முதல் வைத்தியம் மாத்திரை அல்ல. பெற்றோருக்கு வழி சொல்வதும், பள்ளியில் உதவி கேட்பதும்தான் முதல் வைத்தியம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்து வயதுச் சிறுமி. பெயர் கௌரி என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் வயிற்று வலி என்று அழுகிறாள். ஊசி போட்டாயிற்று. டானிக்கும் கொடுத்தாயிற்று. வலி போகவில்லை.

பயிற்சி பெற்ற டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். ஒரு குறையும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை வலி வருகிறதா?" என்று கேட்கிறார். "வருவதில்லை" என்கிறாள் தாய். பிறகு டாக்டர் கௌரியிடம் தனியாகப் பேசுகிறார். வகுப்பில் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதுதான் அவள் பயம்.

"அப்படியானால் இவள் நடிக்கிறாளா டாக்டர்?" என்று தாய் கேட்கிறாள்.

"இல்லை அம்மா. வலி உண்மைதான். பயம்தான் வயிற்று வலியாக வருகிறது. அவளை அடிக்காதீர்கள். பள்ளியை விட்டு நிறுத்தவும் வேண்டாம். ஆசிரியரிடம் நான் பேசுகிறேன். முதலில் அரை நாள் போகட்டும். இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்."

இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிட்டால்? மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார். தன்னால் முடியாததை மேலே அனுப்பவும் டாக்டர் பயிற்சியில் கற்கிறார்.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. ஒரு முறை கற்றது மறந்து போகும். சந்தேகம் வந்தால் கேட்க மனநல டாக்டர் ஒருவர் வேண்டும். மருந்து தவறாமல் வர வேண்டும். பயிற்சி பெற்ற டாக்டர் மாற்றலாகிப் போனால், புதிதாக வருபவருக்கும் பயிற்சி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கஷ்டம் நோயாளிக்குத்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தால், பள்ளிக்குப் போகத் தொடர்ந்து மறுத்தால், பல நாள் தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். "செத்துப் போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எண்ணாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகின்றன. வளர்ச்சிக் குறைகளையும் சோதிக்கின்றன. அவர்கள் வரும் நாளில் உங்கள் கவலையைச் சொல்லுங்கள்.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

"பிள்ளைகளின் மனநலம் பார்க்க இங்கே பயிற்சி பெற்றவர் யார்? மனநல டாக்டர் எந்த நாளில் வருவார்?" என்று உங்கள் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். யாரும் இல்லை என்றால் கிராம சபையில் கேளுங்கள். பலர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.