வயிற்றுப் பிள்ளையும் வட்டில் சோறும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பயில்வோர் ஒன்றை எளிதில் உணர்வர். மருந்தின் பெயரால் அமைந்த அவ்வதிகாரத்தில் வள்ளுவர் மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின்னர், அளவோடு உண்ணுதலையே பெரிதும் வலியுறுத்துகின்றார். இவ்வறிவுரை எல்லார்க்கும் பொதுவாயினும், ஓருடலில் ஈருயிர் தாங்கும் கருவுற்ற பெண்ணுக்கு மிகவும் இன்றியமையாததாகும். ஆனால் நம் இல்லங்களில் நடப்பது என்ன? "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் அம்மா" என்று சொல்லிச் சொல்லி, அவள் வட்டிலில் சோற்றைக் குவிக்கின்றோம். அதற்குக் காரணம் அன்பே என்பதில் ஐயமில்லை. எனினும், அளவறியாத அன்பு சில வேளைகளில் தாய்க்கும் சேய்க்கும் ஊறு விளைவித்து விடுகின்றது. கர்ப்பகால நீரிழிவு என்னும் நோயைப் பற்றியும், அதனை உணவு முறையால் கட்டுப்படுத்தும் வழியைப் பற்றியும் தாம்பரம் வட்டாரத்து வாழ்க்கையை முன்வைத்து எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

முன்பு நீரிழிவு இல்லாதிருந்த பெண்ணுக்குக் கருவுற்ற காலத்தில் இரத்தச் சர்க்கரை மிகுவதே கர்ப்பகால நீரிழிவு எனப்படும். இது அவள் செய்த பிழையால் வருவதன்று. கருவை வளர்க்கும் நஞ்சுக்கொடி சில இயக்குநீர்களைச் சுரக்கின்றது. அவை தாயின் உடலில் இன்சுலின் செயற்படுவதைத் தடுக்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தடையின்றிக் கிடைக்க இயற்கை வகுத்த ஏற்பாடு இது. தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதனை ஈடுசெய்தல் வேண்டும். அவ்வாறு ஈடுசெய்ய இயலாதபோது சர்க்கரை உயர்கின்றது.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலினோ கடவாது. ஆகவே, வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சிறு கணையமே மிகுதியாக உழைக்கின்றது. அதன் விளைவாகக் குழந்தை கொழுத்துப் பெருக்கின்றது. "பிள்ளை நாலு கிலோ" என்று உற்றார் மகிழலாம். ஆனால் அப்பருமன் பேற்றைக் கடினமாக்கும்; அறுவை சிகிச்சைக்கும் இட்டுச் செல்லும். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட, குழந்தையின் மிகையான இன்சுலின் மட்டும் எஞ்சுவதால், அதன் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வதும் உண்டு. வளர்ந்த பின்னர் அக்குழந்தைக்கு உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி. எனவே இந்நோய் ஒரு தலைமுறையோடு முடிவதன்று.

சென்னை வகுத்த எளிய சோதனை

இத்துறையில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தோற்றுவித்தவரும், 2022-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவருமான டாக்டர் வீ. சேஷையா அவர்களும் அவருடைய குழுவினரும் 2005 முதல் 2007 வரை, 12,000-க்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களைச் சோதித்தனர். சென்னை நகரில் 17.8 விழுக்காட்டினரிடமும், புறநகர்ப் பாங்கான சைதாப்பேட்டை வட்டாரத்தில் 13.8 விழுக்காட்டினரிடமும், திருவள்ளூரின் சிற்றூர்களில் 9.9 விழுக்காட்டினரிடமும் இந்நோய் காணப்பட்டது. சிற்றூர் நகராக மாறும்போது இந்நோயும் பெருகுகின்றது என்பது இவ்வெண்களால் விளங்கும். ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாகக் கிடந்த மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் போன்ற ஊர்கள் இன்று அடுக்குமாடி வீடுகளால் நிறைந்துள்ளன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. அவ்வெண்கள் நமக்கு எத்துணை நெருக்கமானவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2007-இல், கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்ய ஆணையிட்டது. சோதனை மிக எளியது. 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் நீரில் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பர். 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு உண்டு எனக் கொள்வர். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்னும் கட்டாயம் இதில் இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ காலை மின்தொடர் வண்டியில் நெரிசலில் நின்று வரும் கருவுற்ற பெண்ணிடம், "சாப்பிட்டு விட்டாயா? நாளை பசியோடு வா" என்றால் அவள் மறுநாள் வராமலே போகலாம். இந்நடைமுறை உண்மையை உணர்ந்து வகுக்கப்பட்டமையே இச்சோதனையின் சிறப்பு. இம்முறையையே இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் ஏற்றுக்கொண்டன. முதன்முறை மருத்துவரைக் காணும்போது ஒரு சோதனையும், அதில் குறையில்லையாயின் 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு சோதனையும் செய்தல் வேண்டும். டாக்டர் சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஏழாம் மாதமும் விருந்தும்

24 முதல் 28 வாரம் என்பது, நம் வழக்கில் ஆறாம் மாதம் கடந்து ஏழாம் மாதம் புகும் காலமாகும். நஞ்சுக்கொடியின் இயக்குநீர்கள் வலுப்பெற்று, இன்சுலினின் ஆற்றல் குன்றத் தொடங்கும் காலமும் அதுவே. நம் மரபில் விருந்துகள் தொடங்கும் காலமும் அதுவே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது! வளைகாப்பும் கட்டுச்சோறும் நிகழ்த்துவோர் எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எனச் சோற்று வகைகளையே பரப்புவர். முஸ்லிம் இல்லங்களில் பிரியாணியும் வட்டிலப்பமும் இனிப்பு வகைகளும் தாய்வீட்டிலிருந்தும் மாமியார் வீட்டிலிருந்தும் மாறி மாறி வரும். சமயம் வேறாயினும் வட்டிலில் குவிவது ஒன்றே. உடல் மாவுச்சத்தை மிகக் குறைவாகத் தாங்கும் மாதத்தில், நாம் மிகுதியாக மாவுச்சத்தை ஊட்டுகின்றோம். விருந்தை விலக்க வேண்டுவதில்லை. விருந்துக்கு முன் சோதனை முடிந்திருத்தல் வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இனிப்பு மட்டுமா காரணம்?

"சர்க்கரை போடாமல்தான் காப்பி குடிக்கிறாள், பிறகும் ஏன் சர்க்கரை கூடுகிறது?" என வியப்போர் பலர். ஒரு கிண்ணம் சோறு, அதாவது சமைத்த சோறு 150 கிராம், ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உடையது. செரித்த பின் இது சர்க்கரையாகவே குருதியில் கலக்கின்றது. எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரைக்கு இது நிகராகும். காப்பியில் இரண்டு கரண்டியை விலக்கிவிட்டு, மூன்று கிண்ணம் சோறு உண்டால் பயன் யாது? வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை நாட்டுப் பொருள்கள் ஆதலால் தீங்கற்றவை என்பதும் பிழையான எண்ணமே. கேழ்வரகு நல்லுணவுதான்; ஆயினும், நெகிழக் காய்ச்சிய கஞ்சி விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனையே முருங்கைக் கீரை கலந்து அடையாகச் சுட்டு உண்டால் மெல்லச் செரிக்கும். பழம் நல்லது, பழச்சாறு நல்லதன்று. அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வழங்கப்பெறும் பேரீச்சம்பழத்தையும் எத்தனை உண்ணலாம் எனச் செவிலியரிடம் கேட்டறிந்தே உண்ணுதல் வேண்டும்.

உண்ணும் முறை

இந்நோய்க்குரிய உணவு முறை, உணவைக் குறைப்பதன்று, பகுத்து உண்பதாகும். மூன்று பெருவேளை உணவோடு, இடையிடையே இரண்டு அல்லது மூன்று சிறு உணவு கொள்ளுதல் வேண்டும். வட்டிலில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கில் பருப்பு, முட்டை, மீன், கோழி போன்ற புரத உணவு அமையட்டும். எஞ்சிய கால் பங்கே சோற்றுக்கு உரியது. ஒரு நாளைக்குரிய முறையை எடுத்துக்காட்டாகக் காண்போம்.

காலையில் இரண்டு அல்லது மூன்று சிறிய இட்டலி, காய்கள் மிகுந்த சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. பல பெண்களுக்குக் காலை வேளையில்தான் சர்க்கரை எளிதில் உயர்வதால், அவ்வேளை மாவுப் பண்டத்தைக் குறைத்தல் நலம். முற்பகல் பதினொரு மணி அளவில் ஒரு கொய்யா அல்லது சிறு கிண்ணம் சுண்டல். நண்பகலில் ஒரு கிண்ணம் புழுங்கலரிசிச் சோறு, கீரைக் கூட்டு, அவரை அல்லது வெண்டைப் பொரியல், மீன் அல்லது பருப்பு, மோர். மாலையில் சர்க்கரையில்லாப் பாலும் சிறிது வேர்க்கடலையும். இரவில் இரண்டு சப்பாத்தியோடு காய்கறிக் குருமா. உறங்கப் போகுமுன் ஒரு குவளைப் பால். ஒவ்வொருவரின் எடை, உழைப்பு, கருவின் வளர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்வளவை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ திருத்தி அமைப்பர். பிரியாணி உண்ணும் நாளில் சோற்றை ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, இறைச்சித் துண்டுகளும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் கூடுதலாகக் கொண்டு, இனிப்பை விலக்கிவிடலாம்.

தாம்பரம் சானடோரியத்தை அடுத்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984-இல் தோன்றியது. அங்குள்ள தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெண்கள் ஏராளம். விடியலில் எழுந்து, கெடாமல் இருக்கும் என்று புளிச்சோற்றை அடைத்துக்கொண்டு ஓடுவோர்க்கு மேற்கூறிய பட்டியல் எட்டாக்கனி எனத் தோன்றலாம். அன்று, அதே உணவுப் பாத்திரத்தில் சோற்றைப் பாதியாக்கி, மறுபாதியில் முந்தைய இரவு ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலையை வைத்தால் போதும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தையில் கிடைக்கும் வெள்ளரியும் கீரையும் கொய்யாவும் விலையுயர்ந்த சத்துமாவுப் புட்டிகளைவிடச் சிறந்தவை.

உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலும் மருந்தே ஆகும். தெருவில் நடக்க இடமில்லையெனில் மொட்டைமாடி போதும். நடக்கக் கூடாது என மருத்துவர் சொன்னவர்கள் மட்டும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

இவ்வாறு இரண்டு வாரம் ஒழுகிய பின், உண்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழ் இருப்பின் அம்முறையையே தொடரலாம். பெரும்பான்மையோர்க்கு உணவும் நடையுமே போதுமானவையாக அமைகின்றன. 120-ஐத் தாண்டினால், மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் என்றவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. அது குழந்தையைச் சென்றடைவதில்லை. அதனை ஏற்றுக்கொள்வது தோல்வியும் அன்று.

பட்டினி தீர்வன்று

சர்க்கரை எண்ணைக் கண்டு அஞ்சி, உணவையே நிறுத்திவிடும் பெண்களும் உளர். இது மறுபக்கத் தீங்காகும். மாவுச்சத்து அறவே கிடைக்காதபோது உடல் கொழுப்பை எரிக்கின்றது. அதனால் கீட்டோன் என்னும் பொருள்கள் குருதியில் மிகும். அவை வளரும் கருவுக்கு நல்லனவல்ல. எண் தாழ்ந்தது என்று மகிழ்ந்திருக்க, குழந்தை வாடும்.

ரமலான் மாதத்தில் இக்கேள்வி நம் இல்லங்களில் எழுவது இயல்பு. பகல் முழுதும் உணவும் நீருமின்றி இருந்து, நோன்பு திறக்கும்போது கஞ்சியும் பேரீச்சையும் வடையும் சர்பத்தும் ஒருசேரக் கொள்வது, சர்க்கரையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் அலைக்கழிக்கும். தமக்கோ சேய்க்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கருவுற்ற தாய்மார்க்கு நோன்பைத் தள்ளிவைக்க இஸ்லாம் சலுகை வழங்கியுள்ளது. நோற்கலாமா என்பதை மருத்துவரிடமும், விடுபட்டதை ஈடு செய்யும் வகையை மார்க்க அறிஞரிடமும் கேட்டுத் தெளிதல் நலம். "எங்கள் காலத்தில் நாங்கள் நோற்கவில்லையா?" என்று பெரியோர் கேட்பது, அச்சலுகையை அப்பெண் பயன்படுத்த முடியாமற் செய்துவிடும். அருளாளன் தந்த எளிமையை நாம் கடினமாக்குதல் தகாது.

வீட்டாரின் பொறுப்பு

இந்நோயுற்ற பெண்ணுக்கு உணவைவிட மிகுந்த துன்பம் தருவது பழிச்சொல்லே. "எங்கள் வழியில் யாருக்கும் சர்க்கரை இல்லை" என்னும் ஒரு சொல் போதும். அவள் சோதனைச் சீட்டை மறைக்கத் தொடங்கிவிடுவாள். மறைக்கப்பட்ட நோய் வளரும். கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு அவள் கையில் இல்லை; எதனைச் சமைப்பது என்பதை மாமியாரும், எதனை வாங்குவது என்பதைக் கணவரும் முடிவு செய்கின்றனர். ஆகவே மருத்துவர் கூறும் அறிவுரையைக் கேட்க அவளை மட்டும் அனுப்புவதால் பயனில்லை. அவ்விருவரும் உடன் செல்ல வேண்டும். அவளுக்கென ஒரு தனிச்சட்டி ஏற்றுவதினும், வீட்டார் அனைவரும் அவ்வுணவையே உண்பது சாலச் சிறந்தது. அது மாமனாரின் சர்க்கரைக்கும் மருந்தாகும் அன்றோ!

பேற்றுக்குப் பின்

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை இயல்பு நிலையை அடைகின்றது. "போய்விட்டது" என்று அனைவரும் மறந்துவிடுகின்றனர். ஆனால் இந்நோய் வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் பன்மடங்காகும். பேற்றுக்குப் பின் ஆறாம் வாரத்தில் மீண்டும் சோதனை செய்தல் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் சோதித்தல் நலம். குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் அதே நாளில் தாயும் இரத்தம் கொடுத்து வரலாம். வெல்லமும் நெய்யும் கலந்த பேறுகால இலேகியத்தை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. தாய்ப்பால் ஊட்டுதல் இருவரையும் காக்கும்.

நிறைவுரை

அன்பு குறைய வேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. அன்புக்கு அளவு தெரிய வேண்டும் என்றே கூறுகின்றது. இதனைப் பயிலும் மாணவ மாணவியர் தம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ கருவுற்றிருக்கும் தமக்கையரிடம், அண்ணியரிடம், "சர்க்கரைச் சோதனை செய்தாயிற்றா?" என்று ஒரு முறை கேட்பாராக. பெரியோர், இன்னொரு கரண்டிச் சோறு இடுமுன் ஒரு கரண்டிக் கீரையை இடுவாராக. நாம் இன்று வட்டிலில் இடும் அளவே, நாளை பிறக்கும் பிள்ளையின் உடல்நலத்திற்கு அடித்தளமாகும்.