காலில் புடைக்கும் நரம்பு

நம் அங்கத்தினர்களிற் பலர், பகல் முழுவதும் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தோ, வயலில் நின்றோ உழைப்பவர்கள். மாலையில் காலைப் பார்த்து, "உழைத்த உடம்பு, நரம்பு புடைக்கத்தான் செய்யும்" என்று சொல்லி உறங்கச் செல்கின்றனர். இச்சொல் பாதி உண்மையே. மறுபாதியை அறியாததால் காலில் ஆறாப் புண் கண்டு, தொழிலுக்குப் போக இயலாமல் மாதக்கணக்கில் முடங்குவோர் உண்டு.

நரம்பென்று நாம் வழங்கும் அந்த நீலக்கோடு உண்மையில் நரம்பன்று. இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். அதனைச் சிரை என்பர். காலின் இரத்தம் மேல்நோக்கி ஏறவேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி அதனை மேலே தள்ளுகிறது. குழாயினுள் உள்ள வால்வுகள் அதனைக் கீழிறங்காமல் தடுக்கின்றன. ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி, கட்டுப் போட்ட கையில் புடைத்த சிரைகளைக் கொண்டே, இரத்தம் இருதயத்தை நோக்கி மட்டுமே செல்லுமென்பதை 1628-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கிணற்றுப் பம்பின் புட்வால்வு பழுதானால் ஏறிய நீர் மீண்டும் கிணற்றிலேயே விழுவதை விவசாயிகள் அறிவர். காலிலும் அவ்வாறே. வால்வு தளர்ந்தால் இரத்தம் தேங்கிச் சிரை வீங்கிச் சுருளும். நெடுநேரம் நிற்றல், கர்ப்பகாலம், உடற்பருமன், முதுமை, குடும்பவழி ஆகியன இதற்குக் காரணங்கள்.

மெலிந்தவர், உழைப்பாளர் ஆகியோரின் புறங்கையில் சிரைகள் தெரிவது பெரும்பாலும் இயல்பே; வெயிலில் அவை இன்னும் புடைக்கும். காலிலோ கனம், மாலை வீக்கம், அரிப்பு முதலியன தோன்றினாலும், கணுக்காலுக்கு மேல் தோல் கருத்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். புண் தோன்றும் முன்னரே செல்வது நன்று. பச்சிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காலம் கடத்துதல் தகாது.

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் கண்டால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அத்துடன் மூச்சுத்திணறலோ மார்புவலியோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. நிமிர்ந்து அமர்ந்திருக்கையிலும் கழுத்துச் சிரை புடைத்து நிற்பது இருதயத் தளர்ச்சியையும், தொப்புளைச் சுற்றிச் சிரைகள் தெரிவது கல்லீரல் நோயையும் குறிக்கலாம். புடைத்த சிரை உடைந்து இரத்தம் கசிந்தால், படுத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்து உதவி கோருக.

அன்றாடம் செய்யத்தக்கவை எளியவை. மணிக்கொரு முறை எழுந்து சிறிது நடத்தல். நின்று வேலை செய்வோர் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல். இரவில் காலை இருதய மட்டத்திற்கு மேல் தலையணையில் சிறிது நேரம் வைத்தல். இறுக்கக் காலுறையை வைத்தியர் பரிசோதித்த பின்னரே அணிக. காலுக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைந்தவர்க்கு அது தீங்கு செய்யும்.

பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே பிணைக்கிறோம். விட்டால் சேலை முழுதும் குறை ஓடும் என்றறிவோம். நம் காலுக்கும் அந்த அக்கறையைக் காட்டுவோமாக.