கல்லினுள் இருக்கும் வெற்றிடம்

திருகோணமலையின் தம்பலகாமக் களப்பில் காலூன்றினால் சேறுதான் தட்டுப்படும். கண்ணாடித் தகடுபோல் ஒளி ஊடுருவும் ஓடு கொண்ட தட்டைச் சிப்பிகள் அச்சேற்றின்மேல் படுத்து வாழ்ந்தன. அவற்றின் சிறு முத்துகளைச் சுட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பாக்கிய செல்வர் முற்காலத்தில் இந்தியாவில் இருந்தனர். 1906இல் கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னல் இக்களப்பின் முத்தெடுப்பைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். சிப்பிக்கு உகந்த இச்சேறு பவள உயிரான முருகைக்கு ஆகாது. மகாவலி ஆறு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து சொரியும் நன்னீரும் வண்டலும் அதற்குப் பகை. முருகைக்கல்லைக் காண வெளிக்கடலுக்கு, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் போகவேண்டும்.

கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்புவோரின் கண் முதலில் அத்தீவின் கரைக்கே செல்கிறது. அலை ஒதுக்கிய முருகைத் துண்டுகள் அங்கே வெண்மையாய்க் குவிந்து கிடக்கும். கையில் எடுத்தால் எடையே இராது. உடைந்த முகத்தில் தேனடைபோல் கண்கள் தெரியும். ஆயினும் அதில் ஒரு துண்டையும் எடுத்தல் கூடாது. 1963இல் காப்பிடமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட மண் அது. சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்றுண்டு: உருண்டு திரளும் முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். கைப்பிடியளவு கல்லுக்குப் பின்னால் ஒரு சிறுவனின் வயது இருக்கிறது.

அக்கல்லில் தொட்டிக்கு வேண்டியது எது? அழகு இரண்டாவது. முதலாவது, அதன் துளைகள். மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது. சிறிதளவே ஆயினும் மீனுக்கு அது நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் குடியேறிய நுண்ணுயிர்கள் உயிர்வளியின் துணையால் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நீர் மெல்ல ஊறிச் செல்லும் உட்துளைகளில் உயிர்வளி குன்றும். அவ்விருளில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை உடைத்து, நைதரசன் வளியாக்கி வெளியேற்றுகின்றன. ஒரே கல்லின் புறமும் அகமும் இரு வேறு தொழிற்கூடங்கள்! யாகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் எழுதிய கட்டுரையில், இப்படி நுண்ணுயிர் குடியேறிய உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் கொண்டே கடலுயிர்களைத் தொட்டியில் வாழவைக்கும் முறையை விளக்கினார். இன்றைய முருகைத் தொட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் மெல்லக் கரைந்து நீருக்குக் கல்சியம் ஊட்டும் என்று பலர் நம்புகின்றனர். நல்ல கடல்நீரின் pH பெறுமானம் 8.1 முதல் 8.3 வரை நிற்கும். அந்நிலையில் கல்சியம் காபனேற்று நீரில் நிறைந்தே இருப்பதால் கல் கரைய இடமில்லை. ஆகவே கல்லின் வேதிப்பொருளைவிட அதன் வெற்றிடத்தையே பார்த்துத் தெரிவு செய்க என்பேன்.

திருகோணமலையின் சொந்தப் பாறைகள் இத்தேர்வில் தோற்கும். கோணேசர் கோயில் நிற்கும் மலைப்பாறை இறுகிய படிகக்கல். தீங்கு செய்யாது, பயனும் தராது. ஆனால் ஆற்றோரத்தில் பொறுக்கிய கல்லை ஆராயாமல் இடுதல் பெரும் பிழை. மூதூருக்குத் தெற்கே சேருவிலையில் செப்பும் காந்த இரும்புத் தாதும் கலந்த படிவு நிலத்தடியில் உண்டு. மிகச் சிறிதளவு செப்பு கரைந்தாலே இறாலும் முருகையும் மடியும். காந்தம் ஒட்டும் கல்லையும் பச்சைக் கறை படிந்த கல்லையும் தள்ளிவிடுக. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் துளை மிக்கது. எனினும் தோட்ட நிலத்துக் கல் உரத்தின் பொசுபேற்றை உறிஞ்சி வைத்திருக்கக் கூடும். அதை நீரில் கசியவிட்டால் தொட்டி முழுதும் பாசி ஏறும்.

எனவே கல்லை நாமே வார்ப்பதுதான் என் பரிந்துரை. உண்டபின் எறியும் மட்டி ஓடுகளை அவித்துக் கழுவி நொறுக்கி, மூன்று பங்கு எடுத்துக்கொள்க. ஒரு பங்கு சீமெந்தும் ஒரு பங்கு கல்லுப்பும் சேர்த்து, கையில் உருட்டினால் உதிராத அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, ஈரமணற் குழியில் வார்க்க வேண்டும். இறுகியபின் நன்னீரில் அமிழ்த்தினால் உப்புக் கரைந்து போகும். உப்பிருந்த இடமெல்லாம் துளையாகும். புதுச் சீமெந்து நீரின் pH பெறுமானத்தை 12க்கு மேல் ஏற்றிவிடும். நீரை மாற்றி மாற்றி, பல கிழமைகள் பொறுத்திருந்து, அளவுத்தாளில் 8.3க்கு அருகே வரும்வரை கல்லைத் தொட்டியில் இடவேண்டா. நொறுக்கிய ஓடு உண்மையில் சுண்ணாம்புதான் என்று அறிய ஒரு துளி வினாகிரி போதும்: நுரை பொங்கும்.

பின்னர் நண்பரின் பழந்தொட்டியிலிருந்து விரலளவு உயிர்க்கல்லை இரந்து பெற்று இக்கற்களின் நடுவே வைக்க வேண்டும். உயிர்க்கல்லிலிருந்து நுண்ணுயிர்கள் பரவும். சிறிதளவு மீனுணவை அழுகவிட்டு நாளும் அமோனியாவை அளந்தால், முதலில் அது ஏறும். பின் நைத்திரைற்று ஏறும். ஒரு நாள் இரண்டும் இல்லாமற்போகும். சாம்பல்நிறக் கல்லின் ஓரத்தில் கடுகளவு ஊதாப் புள்ளியாகச் சுண்ணப் பாசி பிடிப்பதைக் காண இன்னும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.