பொசிவும் காந்தமும்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணியும் நச்சுக்காற்றுக் கவசத்தினுள் நுண்துளைகள் மலிந்த கரித்துணுக்குகள் உண்டு. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் காற்று உள்ளே பரவும், நஞ்சு அகலும். இணையாவிடில் காற்று மேற்பரப்பிலேயே நின்றுவிடும். இத்தகைய சிக்கலிலிருந்து பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்னும் பிரித்தானிய அறிஞர் இருவரும் 1957ஆம் ஆண்டு புதியதொரு கணிதத்தைப் படைத்தனர். அதனை ஊடுருவல் கோட்பாடு என்பாரும் உளர். பொசிவுக் கோட்பாடு என்பதே பொருத்தமெனத் தோன்றுகின்றது. மூதுரை கற்றார்க்கு அச்சொல் புதிதன்று.

இக்கோட்பாடு காந்தவியலில் எங்ஙனம் புகுந்தது எனக் காண்போம். ரூபிடியம் மாங்கனீஸ் ஃபுளோரைடு என்னும் படிகமொன்றில் மாங்கனீஸ் அயனிகள் அடுக்கடுக்கான தளங்களில், சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் அமைந்துள்ளன. ஒவ்வோர் அயனியும் ஒரு சிறு காந்தம். ஒவ்வொன்றுக்கும் அண்டை அயனிகள் நான்கு. ஏறத்தாழ 38 கெல்வினுக்குக் கீழே அவை ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என மாறிமாறி ஒழுங்குபடுகின்றன. இனி, மாங்கனீசுக்கு மாற்றாகக் காந்தப் பண்பற்ற மக்னீசியத்தை முறைவைப்பு எதுவுமின்றி ஆங்காங்கே கலந்தால் என்னவாகும்?

மாங்கனீஸ் குறையக் குறைய, ஒழுங்கு தோன்றும் வெப்பநிலையும் தாழ்ந்துகொண்டே வரும். மாங்கனீஸ் 59.27 விழுக்காடாகும் எல்லையில் அது தனிச்சுழியை அடைந்துவிடும். அதற்கும் குறைந்தால், எவ்வளவு குளிர்வித்தாலும் படிகம் முழுவதையும் தழுவிய ஒழுங்கு பிறவாது. எஞ்சிய அயனிகள் வலிமை இழந்தனவோ எனின், இல்லை. அண்டையிலுள்ள இரண்டிற்கிடையே விசை பெரிதும் முன்போலவே உள்ளது. பெருங்கூட்டந்தான் சிதறித் தனித்தனித் தீவுகளாயிற்று. ஒவ்வொரு தீவும் தனக்குள் ஒழுங்குபடலாம். ஒரு தீவின் போக்கை மற்றொன்று அறியாது.

வியப்புக்குரியது அவ்வெல்லையில் உள்ள நிலையே. அங்கே படிகத்தை ஊடறுத்துச் செல்லும் கூட்டமொன்று உருவாகும் தறுவாயில் இருக்கும். ஆனால் அதன் உடலெங்கும் ஓட்டைகள். பல இடங்களில் ஒற்றை அயனியே இரு பெரும் பகுதிகளை இணைத்து நிற்கும். வெப்பத்தின் சிறு அசைவில் அவ்வொற்றை இணைப்புத் தடுமாறினாலும் இரு பகுதிகளும் ஒன்றையொன்று மறந்துவிடும். எல்லையில் ஒழுங்கின் வெப்பநிலை தனிச்சுழியாவது இதனாலேயே. பனிக்கட்டி உருகுவது வெப்பத்தால் நேரும் நிலைமாற்றம். இஃது வடிவத்தால் நேர்வது. 1970களின் பிற்பகுதியில் பிர்ஜெனோ, கௌலி, ஷிரானே முதலியோர் இத்தகைய கலப்புப் படிகங்களில் நியூட்ரான் கற்றைகளைச் செலுத்தி இந்நிலையை ஆராய்ந்தனர்.

கணிதத்தார்க்கோ இவ்வெல்லை எளிதில் பிடிபடவில்லை. அயனிகளை விடுத்து, அவற்றை இணைக்கும் பிணைப்புகளை மட்டும் நீக்கினால், சதுர அமைப்பில் எல்லை சரியாக அரையாகும். எளிய இவ்விடையை ஹாரி கெஸ்டன் மெய்ப்பித்தது 1980ஆம் ஆண்டில். அதற்குள் இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. 59.27 என்னும் எண் கணிப்பொறி தந்த தோராயமே. அதற்குச் சரியான வாய்பாடு இன்றுவரை எவருக்கும் கிட்டவில்லை.