நைட்ரேட்டைக் குறைக்கும் ஜவ்வரிசி

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். பிறகு பேச்சு நைட்ரேட்டுக்குப் போய்விடும். காரணம் இருக்கிறது. பவளப்பாறைகள் செழித்திருக்கும் கடலில் தண்ணீர் சத்தில்லாத தண்ணீர். அங்கே லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட்கூடப் பெரும்பாலும் இருக்காது. பாஸ்பேட் அதைவிடக் குறைவு. நம் வீட்டுத் தொட்டியிலோ தினமும் உறைந்த இறாலும் தீவனமும் விழுகின்றன. மீன் தின்றது கழிவாகி, அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக வந்து நின்றுவிடுகிறது. பாஸ்பேட்டும் அதே தீவனத்தோடுதான் வருகிறது. இரண்டும் ஏறினால் கண்ணாடியில் பச்சை படரும், பாறையில் முடிப்பாசி முளைக்கும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் பெருகும். நீலமாக இருந்த கிளை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணிறமாகிவிடும்.

தண்ணீர் மாற்றினால் போதாதா? 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அளவு 36-க்கு இறங்கும். அந்த வாரத் தீவனமே அதை மறுபடி 40-க்கு ஏற்றிவிடும். இப்படி அலுத்துப்போனவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம்தான் பயோபெல்லட்.

கையில் எடுத்துப் பார்த்தால் வேகாத ஜவ்வரிசி போல இருக்கும். வெள்ளை நிறம், கெட்டியான உருண்டை. பெரும்பாலும் பாலிஹைட்ராக்சிஅல்கனோயேட் என்ற பொருளால் ஆனது. மண்ணில் மக்கும் பிளாஸ்டிக்கை இதே பொருளில்தான் செய்கிறார்கள். இதில் ஓர் அழகு உண்டு. இந்தப் பொருளை முதலில் செய்தவை பாக்டீரியாக்களே. நாம் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல, அவை பஞ்ச காலத்துக்காகத் தங்கள் உடலுக்குள் இதைச் சேமிக்கின்றன. இந்த வகைப் பொருள்களில் ஒன்றை மொரிஸ் லெமுவான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920-களில் கண்டறிந்தார். அந்தச் சேமிப்பைத்தான் உருண்டையாக்கி பாக்டீரியாக்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்த உருண்டை நைட்ரேட்டை உறிஞ்சாது. அது வெறும் சோறு. கடலின் நுண்ணுயிர்களில் சராசரியாக 106 பங்கு கார்பனுக்கு 16 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் சொன்னார். பவளத் தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொட்டிக் கிடக்கின்றன. பாக்டீரியா எளிதில் தின்னக்கூடிய கார்பன்தான் பற்றாக்குறை. அதை நாம் கொடுத்தால் அவை பெருகுகின்றன. பெருகும்போது தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தங்கள் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. பயோஃபிளாக் முறையில் இறால் வளர்ப்பவர்கள் குளத்தில் மொலாசஸ் ஊற்றுவதும் இதே கணக்குதான். சிலர் பவளத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக வோட்காவும் வினிகரும் விடுகிறார்கள். அதற்குத் தினமும் அளந்தாக வேண்டும். கை தவறினால் ஒரே நாளில் விபரீதம். பயோபெல்லட் மெதுவாகக் கரைகிறது, பாக்டீரியாவும் அதன் மேலேயே குடியேறுகிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பாக்டீரியா தொட்டிக்குள்ளேயே செத்தால், உண்டதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். அதனால் இந்த முறையில் பாதி வேலை, நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருடையது. பெல்லட்டை ரியாக்டர் என்னும் உருளைக்குள் போட்டு, கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்துவார்கள். உலை கொதிக்கும்போது அரிசி புரளுமே, அதுபோல எல்லா உருண்டைகளும் ஓயாமல் புரள வேண்டும். புரளும்போது ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த பாக்டீரியாப் படலம் உதிர்கிறது. ரியாக்டரிலிருந்து வெளியேறும் குழாயின் வாய் ஸ்கிம்மர் தண்ணீர் இழுக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். உதிர்ந்தது நுரையோடு ஏறிக் கோப்பையில் கருஞ்சாறாகச் சேரும். அந்தக் கோப்பையைக் கழுவிக் கொட்டும்போதுதான் பாக்டீரியா உண்ட நைட்ரேட் உண்மையிலேயே வீட்டைவிட்டு வெளியேறுகிறது. ஸ்கிம்மர் இல்லாத தொட்டிக்கு பயோபெல்லட் வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்தில் பொறுமைதான் முக்கியம். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசியை மட்டும் போடுங்கள். முதல் சில வாரம் டெஸ்ட் கிட்டில் எந்த மாற்றமும் தெரியாது. ஓர் உருண்டையை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு வந்திருந்தால் குடியேற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். நைட்ரேட் இறங்கத் தொடங்க நான்கு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் பாக்டீரியா திடீரென்று பெருகித் தண்ணீர் பால்போல வெளுக்கும், ஆக்சிஜன் சரசரவென்று இறங்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் 300 லிட்டர் தொட்டியில் முக்கிய மோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டிருந்தேன், ரியாக்டர் மோட்டாரை விட்டுவிட்டேன். ஓர் இரவு மின்சாரம் ஆறு மணி நேரம் வரவில்லை. ரியாக்டருக்குள் புரளாமல் கிடந்த பாக்டீரியா இருந்த ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிட்டது. விடியற்காலையில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, அந்தக் கெட்ட தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளியது. கதவைத் திறந்தபோதே அழுகிய முட்டை வாடை. ஹைட்ரஜன் சல்ஃபைடு. இரண்டு குரோமிஸ் மீன்களை அன்றைக்கு இழந்தேன். ஆகவே, ரியாக்டர் சில மணி நேரம் நின்றுபோயிருந்தால் முதலில் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். ரியாக்டருக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் வெளியேறி, வாடை போன பிறகு குழாயைத் திருப்பி மாட்டலாம்.

அடுத்தது பாஸ்பேட். பலருக்கும் நைட்ரேட் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய பின்னும் பாஸ்பேட் அசையாமல் நிற்கும். படலத்தின் உள்ளடுக்கில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா, மூச்சுக்காக நைட்ரேட்டை மட்டும் செலவழித்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகிறது. அதற்குப் பாஸ்பேட் தேவையில்லை. இன்னொரு பக்கம் பாறைகளில் பல மாதமாக ஒட்டியிருந்த பாஸ்பேட் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. நைட்ரேட் தீர்ந்துபோனால் பாக்டீரியா மேற்கொண்டு வளர முடியாது, மிச்சப் பாஸ்பேட்டும் அப்படியே நிற்கும். சிவப்புச் சளிபோன்ற சயனோபாக்டீரியா தலைகாட்டுவது பெரும்பாலும் இப்போதுதான். பெல்லட்டைக் கூட்டினால் தீராது. கொஞ்சம் குறைத்துவிட்டு, இரும்பு ஆக்சைடு குருணையால் பாஸ்பேட்டைத் தனியாக இறக்க வேண்டும்.

பூஜ்ஜியம் நம் இலக்கே அல்ல. பவளமும் உயிர்தான், அதற்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் அடியோடு தீர்ந்த தொட்டியில் பவளம் வெளிறுகிறது. அதே தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் எனும் பழுப்புச் சளி பாறைமேல் படர்ந்துவிட்டால் அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நிற்பது போதும். சத்து குறைந்த தண்ணீரில் ஆல்கலினிட்டி கூடினால் கிளைப் பவளங்களின் நுனி கருகும். 7 முதல் 8.5 டிகேஎச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரோ எடுத்துவந்த கிளையை விலைபேசினால், வாங்குவதும் விற்பதும் குற்றம். கல் பவளத்தை விட்டு, சோவாந்திட், மஷ்ரூம் போன்ற மென்மையான வகைகளை வளர்ப்பவரின் தொட்டியில் நைட்ரேட் 10-ஐ ஒட்டி இருந்தால் பயப்படவே வேண்டாம்; அவை அதில் நன்றாகவே விரியும். தீவனத்தைக் கொஞ்சம் குறையுங்கள், உறைந்த இறாலைக் கழுவிப் போடுங்கள், ஸ்கிம்மர் கோப்பையை வாரம் இருமுறை சுத்தம் செய்யுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் நைட்ரேட் 20-க்கு மேலேயே நின்றால் மட்டும் பயோபெல்லட் வாங்குங்கள்.